சென்ட்ரல் லைனை உட்கார வைத்து எடுக்கலாமா? போன வாரம் நடந்தது

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். மூன்று வருடமாக ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணைய வீக்கத்தோடு வந்து சேர்ந்த ஒரு பெரியவர். வலது கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய சிரைக்குள் இதயத்துக்குப் பக்கம் வரை போகும் குழாய்; உள்ளே மூன்று தனிப் பாதை உள்ள டிரிபிள் லூமன் வகை, ஒன்பதாவது நாள். நன்றாகத் தேறிவிட்டார், அன்று வார்டுக்கு மாற்ற வேண்டும். கீழே எமர்ஜென்சியில் இன்னொருவர் அந்தப் படுக்கைக்காகக் காத்திருந்தார். டூட்டி டாக்டர் போனில் "லைனை எடுத்துட்டு அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றார். பெரியவரை அதற்குள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பத் தூக்கிப் படுக்க வைக்க யாருக்கும் நேரம் இல்லை. நானும் சரி என்று தையலை வெட்டினேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க ஐயா" என்று சொல்லி லைனை உருவினேன், காஸ் வைத்தேன்.

உருவிய அந்த நொடியில் ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. அடுத்து இருமல். அப்புறம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். 98 இருந்த ஆக்சிஜன் சேச்சுரேஷன் 84 வந்தது. உதடு நீலம். டூட்டி டாக்டர் ஓடி வந்து, நான்கு பேராகத் தூக்கி இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம், தலைப்பக்கத்தை இறக்கினோம், முழு ஆக்சிஜன் போட்டோம். இருபது நிமிடத்தில் தெளிந்து, "என்னம்மா ஆச்சு எனக்கு?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கேஸ் ஷீட்டில் "மயக்கம், தானாகச் சரியானது" என்று எழுதினார்கள். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லைன் போடுவதற்கு எங்களுக்கு வகுப்பு உண்டு, செக்லிஸ்ட் உண்டு. எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் செய்தது எங்கே தவறு?

---

பழைய_ஐசியூ எழுதியது:

முதலில் ஒன்று சொல்கிறேன் மா. நீ இதை மறைக்காமல் எழுதினாயே, அதற்கே உன் யூனிட்டில் உன்னைப் பாராட்டியிருக்க வேண்டும்.

அது மயக்கம் இல்லை. சத்தம் வந்தது, இருமினார், சேச்சுரேஷன் விழுந்தது, இடது பக்கம் சாய்த்ததும் தெளிந்தார். காற்று ரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறது. ஏர் எம்போலிசம். பத்தொன்பது வருட சர்வீஸில் நான் கண்ணால் பார்த்தது இரண்டு. ஒருவர் பிழைத்தார், ஒருவருக்கு இடது கை, கால் விளங்காமல் போனது. இரண்டு பேருமே உட்கார்ந்த நிலையில் இருந்தவர்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: உட்கார வைத்து எடுக்கவே கூடாது. கழுத்து லைனாக இருந்தாலும் சரி, காலர் எலும்புக்குக் கீழே போட்டதாக இருந்தாலும் சரி, மல்லாக்கப் படுக்க வைத்து, முடிந்தால் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் அரை மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். இதற்கு நேரம் இல்லை என்றால் லைன் வார்டில் போய் எடுபடட்டும்.

---

மயக்கவியல்_டாக்டர் எழுதியது:

மேலே சிஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. ஏன் என்று சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் ஒரு நாளும் மறக்காது.

நாம் உட்கார்ந்திருக்கும்போது கழுத்து நரம்பு, அதாவது சிரை, இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது. அதனால் அந்தச் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகிறது. மூச்சை இழுக்கும்போது இன்னும் குறையும். அந்த நேரத்தில் தோலிலிருந்து சிரை வரை ஒரு துளை திறந்திருந்தால், ரத்தம் வெளியே வராது. காற்று உள்ளே போகும். ரத்தம் வரவில்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம். அதுதான் ஆபத்து.

எவ்வளவு போகும் என்றால், 14 கேஜ் என்னும் தடித்த ஊசி அளவுத் துளையில் வெறும் 5 செ.மீ. தண்ணீர் அழுத்த வித்தியாசம் இருந்தாலே நொடிக்குச் சுமார் 100 மி.லி. காற்று உள்ளே போக முடியும். 200 முதல் 300 மி.லி. உயிரைப் பறிக்கப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று நொடி. இன்னொன்றும் உண்டு. பெரியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவித் துளை ஒன்று முழுதாக மூடாமல் இருக்கும். அவர்களுக்கு அந்தக் காற்று இடது பக்கம் தாண்டி மூளைக்குப் போகலாம். பழைய_ஐசியூ பார்த்த அந்தக் கை, கால் விளங்காமல் போனவருக்கு இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் நோயாளிக்கு இன்னொரு காரணமும் கூடியிருக்கும். கணைய வீக்கம் என்றால் உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கலாம், சிரை அழுத்தமே குறைவாக இருந்திருக்கும். ஒன்பது நாள் இருந்த லைன் என்பதால் அது போன பாதையும் உடனே மூடிக்கொள்ளாது. ஒல்லியான உடம்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

---

வார்டு_பிரதர் எழுதியது:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். நான் வார்டில் உட்கார வைத்தே நிறைய லைன் எடுத்திருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர் டூட்டி பார்க்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் படுக்க வைத்துப் பக்கத்தில் நிற்க முடியுமா?

---

மயக்கவியல்_டாக்டர் எழுதியது:

பிரதர், உங்கள் ஆள் பற்றாக்குறை உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் காற்றே போகவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கொஞ்சம் காற்று போனால் நுரையீரல் அதை வடிகட்டிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. நிறையப் போகும் நாளில்தான் தெரியும். அந்த நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2008 அக்டோபரிலிருந்து, மருத்துவமனைக்குள் நேர்ந்த ஏர் எம்போலிசத்துக்கான கூடுதல் செலவைத் தருவதில்லை. தவிர்த்திருக்க முடியும் என்று அவர்கள் கருதும் தீங்குகளின் பட்டியலில் இது இருக்கிறது.

பக்கத்தில் நிற்க வேண்டியது சில நிமிடம்தான். மீதி நேரம் அவர் படுத்திருந்தால் போதும். அட்டெண்டரிடம் "எழுந்திருக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த படுக்கைக்குப் போகலாம்.

---

லேபர்வார்டு_டு_ஐசியூ எழுதியது:

இரவுப்பணி தங்கச்சி, நீங்கள் எழுதியதில் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க ஐயா" என்று சொன்னீர்கள் அல்லவா? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நம் எல்லாருக்கும் எக்ஸ்ரே அறையில் கேட்டுப் பழகிய வாக்கியம் அது. நோயாளிக்கும் பழகியது. சொன்னதும் அவர் செய்வது என்ன? ஆழமாக உள்ளே இழுப்பார். நாம் லைனை உருவும் நொடியும் அவர் இழுக்கும் நொடியும் ஒன்றாகிவிட்டால், நாமே காற்றை அழைத்து உள்ளே விட்டது மாதிரி. இழுத்து முடித்து அடக்கிய பிறகு எடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் எப்போது இழுத்து முடித்தார் என்று கழுத்துப் பக்கம் குனிந்திருக்கும் நமக்குச் சரியாகத் தெரியாது.

நான் பதினொரு வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு ஐசியூவுக்கு வந்தவள். இங்கே லைன் எடுக்கும்போது நான் சொல்வது ஒரே சொல்: "முக்குங்க." மலச்சிக்கலில் முக்குவது எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு கண்ணுக்கே தெரியும். அது புடைப்பதைப் பார்த்து எடுக்கலாம். புத்தகத்தில் வல்சால்வா என்று படித்ததுதான் இது. நம் ஊரில் அதற்குப் பெயர் எப்போதோ இருக்கிறது.

எடுக்கும் முன் இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். "நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் முக்கணும், நான் போதும்னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது" என்று. மூன்றாவது தடவை எடுத்துவிடுங்கள்.

முக்க முடியாதவர்கள் உண்டு. அண்மையில் மாரடைப்பு வந்தவர், தலைக்குள் அழுத்தம் உள்ளவர், கண் அறுவை செய்தவர். அவர்களிடம் முக்கச் சொல்லாதீர்கள். "ம்ம்ம்" என்று நீளமாக முனகச் சொல்லுங்கள். முனகுகிற வரை மூச்சு வெளியேதான் போகும். உங்கள் காதுக்கும் கேட்கும்.

---

பழைய_ஐசியூ எழுதியது:

இது அருமை. இத்தனை வருடம் "மூச்சை அடக்குங்க" என்றுதான் சொல்லிவந்தேன். நாளையிலிருந்து மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முக்கி முடித்ததும் மனிதர் அப்பாடா என்று ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். அதற்குள் துளை மூடப்பட்டிருக்க வேண்டும். அதனால் ஒரு கையில் லைன், மறு கையில் மடித்த காஸ் தயாராகத் துளைமேலேயே இருக்கட்டும். லைனின் நுனி வெளியே வரும் அதே கணத்தில் காஸ் அழுத்த வேண்டும். எடுத்த பிறகு காஸ் தேடுவது என்பதே இருக்கக் கூடாது.

---

நைட்_டூட்டி_இன்டர்ன் எழுதியது:

வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு? அவரிடம் முக்கு என்று சொல்ல முடியாதே. அவருக்கும் மூச்சு வெளியே விடும்போதுதானே எடுக்க வேண்டும்?

---

மயக்கவியல்_டாக்டர் எழுதியது:

இல்லை தம்பி, அங்கே தலைகீழ். இதில் பலர் குழம்புகிறார்கள். நாமாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. வெண்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும்போது கூடுகிறது. ஆகவே மெஷின் தள்ளும் நேரத்தில், நெஞ்சு உயரும்போது எடுக்க வேண்டும். நோயாளி தானாகவும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் இன்னும் கவனம், மெஷின் திரையில் அலையைப் பார்த்து நேரம் பிடியுங்கள்.

தலையில் அடிபட்டவர்கள், மூளை அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைப்பக்கம் இறக்க வேண்டாம். சமமாகப் படுக்க வைத்தால் போதும். தொடை லைனுக்கும் தலையை இறக்கத் தேவையில்லை, இறக்கினால் தொடை இதயத்தைவிட மேலே போய்விடும்.

---

டயாலிசிஸ்_டெக் எழுதியது:

எங்கள் பக்கத்து விஷயம். டிரிபிள் லூமன் பெரும்பாலும் 7 பிரெஞ்ச் (குழாய் தடிமனை அளக்கும் அலகு), அதாவது 2.3 மி.மீ. தடிமன். தற்காலிக டயாலிசிஸ் கதீட்டர் (லைன் குழாய்) பெரும்பாலும் 12 பிரெஞ்ச் அளவில் வரும், 4 மி.மீ. கடையில் ஜூஸ் டப்பாவோடு ஒட்டி வரும் சின்ன ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுத் துளை கழுத்தில். காற்றும் அதிகம் போகும், ரத்தமும் அதிகம் வரும்.

எங்கள் நோயாளிகளுக்கு யூரியா ஏறி இருப்பதால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அது சரியாக வேலை செய்யாது. மேலே டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் வேறு. டயாலிசிஸ் முடிந்த கையோடு லைனை எடுக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை, ஹெப்பரின் இறங்கட்டும் என்பேன். அழுத்திப் பிடிப்பது குறைந்தது பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுவில் காஸைத் தூக்கி "நின்னுடுச்சா" என்று எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் அப்போது உருவாகிய கட்டியும் கையோடு வந்துவிடும். திரும்ப முதலிலிருந்து.

எங்கே அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். தோலில் தெரியும் துளையும் சிரையில் இருக்கும் துளையும் ஒரே இடத்தில் இல்லை. தொடையில் ஊசி மேல்நோக்கிப் போனது, அதனால் சிரையின் துளை தோல் துளைக்கு மேலே இருக்கும். கழுத்தில் ஊசி கீழ்நோக்கிப் போனது, அங்கே கொஞ்சம் கீழே. தோலை மட்டும் அழுத்தினால் வெளியே ரத்தம் தெரியாது, உள்ளே தொடை வீங்கிக்கொண்டிருக்கும். கழுத்தில் பலமாக அமுக்கவும் கூடாது, பக்கத்திலேயே மூளைக்குப் போகும் தமனி ஓடுகிறது.

---

இரவுப்பணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்க நெஞ்சு படபடக்கிறது, ஆனால் தெளிவும் வருகிறது. ஒரு சந்தேகம். நான் வெறும் காஸும் டைனாப்ளாஸ்ட் பிளாஸ்திரியும்தான் போட்டேன். அது போதாதா?

---

பழைய_ஐசியூ எழுதியது:

போதாது மா. காஸ் காற்றை விடும். லைன் இருந்த பாதை உள்ளே இன்னும் திறந்தே இருக்கலாம், லைன் எடுத்து வெகு நேரம் கழித்துக்கூடக் காற்று போயிருக்கிறது. வாஸ்லைன் காஸை மடித்துத் துளைமேல் வை, அதன்மேல் ஒட்டும் பிளாஸ்திரி எல்லாப் பக்கமும் மூடுகிற மாதிரி ஒட்டு. குறைந்தது 24 மணி நேரம் அதைப் பிரிக்கக் கூடாது. வார்டுக்கு மாற்றும்போது எந்த நேரத்தில் ஒட்டியது என்று பேனாவால் அதன்மேலேயே எழுதிவிடு. இல்லாவிட்டால் காலை டிரஸ்ஸிங் ரவுண்டில் யாராவது நல்லெண்ணத்தில் பிரித்துவிடுவார்கள்.

---

அப்பாவின்_மகள் எழுதியது:

நான் நர்ஸ் இல்லை. இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. என் அப்பாவுக்குக் கீமோவுக்காகக் கையில் பிக் லைன் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் எடுக்கப் போகிறார்கள். எனக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

---

தாதி_அக்கா எழுதியது:

தங்கச்சி, பயப்படாதேயுங்கோ. நான் யாழ்ப்பாணத்தில் தாதியாகப் படித்து இப்ப இலண்டனில் பிக் லைன் பிரிவில் வேலை செய்கிறேன். கை லைன் மெல்லியது, கழுத்து லைனோடு ஒப்பிட ஆபத்து குறைவு. ஆனாலும் அதே முறைதான். அப்பாவைக் கதிரையில் இருத்தி எடுக்கப் பார்த்தால், "படுக்க வைத்து எடுக்க ஏலுமா?" என்று கேளுங்கோ. கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

மற்றது, பிக் லைன் சில வேளை இழுக்க வராமல் நிற்கும். கைச்சிரை பயத்திலும் குளிரிலும் இறுகி லைனைப் பிடித்துக்கொள்ளும். அப்ப பலம் போட்டு இழுக்கக் கூடாது, லைன் அறுந்து துண்டு உள்ளே போய்விடும். நிறுத்திவிட்டு, கைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, இருபது முப்பது நிமிடம் விட்டுத் திரும்ப மெதுவாகப் பார்ப்போம். பெரும்பாலும் வடிவாக வந்துவிடும். அப்பவும் வராவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அடுத்தது. போன மாதம் ஒரு ஐயாவுக்கு இரண்டு தரம் நின்றது. அவருடைய மகள் கதை சொல்லிச் சிரிக்க வைத்தா, மூன்றாம் தரம் தானாக வழுக்கி வந்தது.

எடுத்த பிறகு லைனை நீட்டி வைத்து, போடும்போது எழுதிய நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நுனி முழுசாக இருக்கிறதா என்றும் பார்ப்போம். உங்களுக்கு முன்னாலேயே பார்க்கச் சொல்லலாம்.

---

அப்பாவின்_மகள் எழுதியது:

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "படுத்துக்கிறேன், அதுல என்ன" என்கிறார்.

---

வார்டு_பிரதர் எழுதியது:

சரி, லைன் முழுசாக வருவது பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். தையலை வெட்டும்போது பிளேடைக் கதீட்டர் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு முறை என்னோடு வேலை பார்த்தவர் தையலோடு சேர்த்துக் கதீட்டரிலும் கீறிவிட்டார். நல்லவேளை, உடனே கையால் பிடித்துவிட்டோம். முடிச்சைத் தூக்கிப் பிடித்து, தோலுக்கும் நூலுக்கும் நடுவே, லைனிலிருந்து விலகி வெட்ட வேண்டும். சிறகு மாதிரி இருக்கும் பகுதியில் மட்டும் அல்லாமல் நீல நிற கிளிப்பிலும் ஒரு தையல் இருக்கும், அதை மறந்துவிட்டு இழுப்பவர்கள் உண்டு.

முன்னே எழுதியதை நான் திரும்ப யோசித்தேன். படுக்க வைத்தே எடுக்கிறேன் இனி.

---

நைட்_டூட்டி_இன்டர்ன் எழுதியது:

எங்கள் யூனிட்டில் எடுக்கிற ஒவ்வொரு லைனின் நுனியையும் வெட்டி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இது தேவையா?

---

மயக்கவியல்_டாக்டர் எழுதியது:

தேவையில்லை. லைனால் ரத்தத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் மட்டும் அனுப்புங்கள், கூடவே ரத்தக் கல்ச்சரும். காய்ச்சலே இல்லாதவரின் நுனியில் ஏதோ கிருமி வளர்ந்தால், அதற்காக அவருக்குத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் போகும். அனுப்பும்போது தோலில் படாமல் எடுத்து, நுனியிலிருந்து 5 செ.மீ. வெட்டி, ஸ்டெரைல் டப்பாவில். 15 கிருமிக் காலனிக்கு மேல் வளர்ந்தால்தான் கணக்கு என்று டெனிஸ் மாக்கி 1977-இல் வகுத்த முறையைத்தான் இன்றும் பல லேப் பின்பற்றுகின்றன.

கிருமியைத் தடுக்க அதைவிடப் பெரிய வழி, தேவையில்லாத லைனை அன்றைக்கே எடுப்பது. அமெரிக்காவின் மிச்சிகனில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழு ஐசியூக்களில் கொண்டுவந்த ஐந்து அம்சச் செக்லிஸ்டில் கை கழுவுவதோடு இதுவும் ஒன்று. 2006-இல் வெளியான முடிவில், ஆயிரம் கதீட்டர் நாளுக்கு 2.7 ஆக இருந்த தொற்று விகிதத்தின் மீடியன் (நடு அளவு) பூஜ்யத்துக்கு வந்தது. ஆகவே எடுக்கத் தயங்காதீர்கள். எடுக்கும் முன் கையில் வேறு ஒரு ஐவி லைன் இருக்கிறதா, தட்டணுவும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆரும் பார்த்தாயிற்றா, இரண்டையும் உறுதி செய்யுங்கள்.

ஒருவேளை காற்று போய்விட்டால்: முதல் வேலை துளையை விரலால் அடைப்பது, கூப்பிடுவது பிறகு. இடது பக்கம் சாய்த்துத் தலைப்பக்கம் இறக்குவது 1947-இல் டூராண்ட் சொன்னது, காற்று இதயத்தின் வலது பக்கத்திலேயே மிதந்து நுரையீரல் தமனியை அடைக்காமல் இருக்க. கூடவே முழு ஆக்சிஜன். நாடி நின்றுவிட்டால் மல்லாக்கத் திருப்பி சிபிஆர். அந்த டூட்டி டாக்டர் அன்று செய்தது சரிதான், எழுதியதுதான் தவறு.

---

இரவுப்பணி எழுதியது:

நேற்று ராத்திரி ஒரு லைன் எடுத்தேன். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பையன், தமிழும் தெரியாது, எனக்கு அவன் பாஷையும் தெரியாது. முக்கு என்று எப்படிச் சொல்வது என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். லேபர்வார்டு அக்காவை போனில் எழுப்பினேன். "காலி 10 மி.லி. சிரிஞ்சைக் கொடுத்து ஊதச் சொல்லு, பிஸ்டன் நகர்ற அளவுக்கு" என்றார்.

படுக்க வைத்தேன். தலைப்பக்கம் இறக்கினேன். லூமன் மூன்றையும் கிளாம்ப் செய்தேன். முதலில் நானே ஒரு சிரிஞ்சை ஊதிக் காட்டினேன், அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தடவை ஒத்திகை. மூன்றாவது தடவை கன்னம் உப்பி ஊதினான், கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. எடுத்தேன். சத்தம் இல்லை. காஸுக்கடியில் வெதுவெதுவென்று கொஞ்சம் ரத்தம் ஊறியது, அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஏழு நிமிடம் அழுத்தினேன். நுனி முழுசாக இருந்தது, லைனின் நீளம் 15 செ.மீ.

டிரஸ்ஸிங் டிராலியில் வாஸ்லைன் காஸ் இல்லை, தியேட்டரில் கேட்டு வாங்கினேன். காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னபோது ஏன் என்று கேட்டார். அந்தப் பெரியவருக்கு நடந்ததை முழுவதும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு பெட்டி வாஸ்லைன் காஸுக்கு இன்டெண்ட் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சம்பவ அறிக்கைப் படிவமும் கொடுத்திருக்கிறார். இன்று மாலை டூட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதப் போகிறேன்.